ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கம்பெனி மாறியே ஆகணுமா?

கேள்வி: வயசு 30, சோழிங்கநல்லூர்ல ஐடி வேலை, சிடிசி (கம்பெனி கணக்குல வருஷ மொத்தச் சம்பளம்) 18 லட்சம். முதல் கம்பெனில மூணு வருஷம், ரெண்டாவதுல 11 மாசம், இப்ப இருக்கிறதுல நாலரை வருஷம் ஆச்சு. கூடப் படிச்சவனெல்லாம் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா தாவி என்னைவிட கூட வாங்குறான். ஈபில ரிட்டயர் ஆன அப்பா "ஒரே இடத்துல நிலையா இரு"ங்கறார். இப்ப 23.4 லட்சத்துக்கு ஆஃபர் வந்திருக்கு, ஆனா 30 நாள்ல ஜாயின் பண்ணணுமாம். போகலாமா?

பதில்: போகலாம் தம்பி, ஆனா 30 நாள்ல வேணாம்.

அப்பா சொல்றது அவர் வேலைக்கு சரி, அங்க இன்க்ரிமென்ட், டிஏ, பென்ஷன்னு எல்லாம் இருந்த இடத்துக்கே வந்துச்சு. உங்க ஃபீல்டுல உள்ள இருக்கறவனுக்கு அஞ்சோ எட்டோ பர்சன்ட், அதே வேலைக்கு வெளிய இருந்து வர்றவனுக்கு மார்க்கெட் ரேட், அதனால மாறாமயே இருந்தா சம்பளம் பின்தங்கத்தான் செய்யும். ஆனா ஃப்ரெண்ட்ஸ் சொல்ற ரெண்டு வருஷக் கணக்கு இருக்கே, அதுக்கு மவுசு வந்தது 2021-22ல. 2022 ஜூன் காலாண்டுல இன்ஃபோசிஸ் அட்ரிஷனே, அதாவது வேலையை விட்டுப் போறவங்க விகிதமே, 28.4 சதவீதம், ஆள் கிடைச்சா போதும்னு அள்ளிக் கொடுத்த நேரம் அது. அதை வச்சு இப்ப பிளான் போட முடியாது.

நான் இன்டர்வியூ பேனல்ல உக்காரும்போது வருஷத்தை எண்றதில்ல. நீங்க கட்டின சாஃப்ட்வேர் ப்ரொடக்ஷனுக்கு, அதாவது நிஜ யூசர்கள் கைக்குப் போய், ராத்திரி ரெண்டு மணிக்கு படுத்துச்சே, அப்ப நீங்க அங்க இருந்தீங்களா? இதைத்தான் கேப்பேன். ஒவ்வொரு இடத்துலயும் ஒன்றரை வருஷத்துல கிளம்பினவங்க டிசைன் வரைக்கும் பிரமாதமா பேசுவாங்க, அப்புறம் என்னாச்சுன்னு கேட்டா "டீம் பாத்துக்கிட்டாங்க"ம்பாங்க. அங்கதான் மாட்டுவாங்க. ஆரம்பிச்ச ஒண்ணை முடிச்சு, அது லைவ்ல அடிவாங்கறதையும் பாத்துட்டுக் கிளம்பினா அது ரெண்டு வருஷமோ நாலு வருஷமோ யாரும் கேக்க மாட்டாங்க. உங்க 11 மாசம் ஒரு தடவைங்கறதால பரவால்ல, அடுத்ததும் அப்படி ஆச்சுன்னா கேள்வி வரும். லீட், மேனேஜர்னு போயிட்டா இன்னும் கூட இருக்கணும், ஆளுங்களை வளத்த வேலையோட பலன் தெரியவே மூணு வருஷம் ஆகுது.

இப்ப தேதி விஷயம். கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது சர்வீஸுக்காக கம்பெனி தர்ற தொகை) அஞ்சு வருஷம்னுதான் எல்லாருக்கும் தெரியும், ஆனா நாலு வருஷம் முடிஞ்சு அஞ்சாவது வருஷத்துல 240 நாள் ஆனாலே போதும்னு சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்குல சொல்லியிருக்கு. 30 நாள்ல கிளம்பினா நீங்க அந்தக் கோட்டைத் தொட மாட்டீங்க, உங்களுக்கு 90 நாள் நோட்டீஸ்னா அதை முழுசா சர்வ் பண்ணா தாண்டிடுவீங்க. பேசிக் 60,000ன்னு வச்சா 60,000 × 15 ÷ 26 × 5 (வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாசத்துக்கு 26 நாள்னு கணக்கு), கிட்டத்தட்ட 1.73 லட்சம். சில கம்பெனி முழுசா அஞ்சு வருஷம் வேணும்னு அடம்பிடிக்கும், அதனால லாஸ்ட் வொர்க்கிங் டே எதுன்னு முடிவாகறதுக்கு முன்னாடியே ஹெச்ஆர்கிட்ட மெயில்ல கேட்டு வாங்கிடுங்க, வாய்ப் பேச்சு வேணாம்.

பிஎஃப்பை எடுக்காதீங்க, டிரான்ஸ்ஃபர் போடுங்க. அஞ்சு வருஷ தொடர் சர்வீஸ் இல்லாம எடுத்தா டாக்ஸ் வரும், டிரான்ஸ்ஃபர் பண்ணா பழைய கம்பெனி சர்வீஸும் அந்தக் கணக்குல சேரும். பாஸ்புக்ல பென்ஷன் காலத்துல மாசம் 1,250 ஏறுதான்னும் பாருங்க, ஏறினா பென்ஷனுக்கு 10 வருஷம் வேணும், நீங்க எட்டைத் தாண்டியாச்சு. வருஷ நடுவுல மாறினா பழைய சம்பள விவரத்தைப் புது கம்பெனிக்கு கொடுத்துடுங்க, இல்லன்னா ரெண்டு கம்பெனியும் தனித்தனியா வரிக் கழிவு கொடுத்து ஜூலைல ரிட்டர்ன் போடும்போது டாக்ஸ் மொத்தமா வந்து நிக்கும். அப்பா அம்மா உங்க ஆபிஸ் மெடிக்கல் இன்ஷூரன்ஸ்ல இருந்தா, புதுசுல பேரன்ட்ஸுக்கு கவர் உண்டா, எந்தத் தேதில இருந்துன்னும் கேளுங்க.

கடைசியா ஒண்ணு, ரிசைன் மெயில் போடறதுக்கு முன்னாடி ஆஃபர் லெட்டர்ல வேரியபிள், அதாவது ரிசல்ட்டைப் பொறுத்து கூடக் குறையக் கிடைக்கிற பங்கு, எவ்ளோன்னு பாருங்க. இப்ப 18ல 10% வேரியபிள்னா ஃபிக்ஸட் 16.2 லட்சம், புது 23.4ல 20% வேரியபிள்னா ஃபிக்ஸட் 18.72 தான், உங்க 30% ஹைக் ஃபிக்ஸட்ல பாத்தா 15.6 ஆயிடுச்சு. அப்படி இருந்தா 90 நாள் டைமோட ஃபிக்ஸடையும் ஏத்திக் கேளுங்க. நிஜமாவே ஆள் வேணும்னா இன்னும் ரெண்டு மாசம் காத்திருப்பாங்க.