உங்களுக்கு ரொம்பப் புடிச்ச பேய்ப்படங்கள் எது எது, ஏன் புடிக்கும்?

பேரு மட்டும் போதும்னா மொதல்லயே சொல்லிருதேன். ஈரம், பிசாசு, யாவரும் நலம், ஜப்பான்ல எடுத்த ரிங், மலையாளத்துல பூதகாலம். ஆனா ஏன் புடிக்கும்னும் கேட்டிருக்கிய, அதுக்கு எங்க ஊர் கோயில் கொடையில, அதாவது திருவிழாவுல இருந்துதான் ஆரம்பிக்கணும், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கிடுங்க.

எனக்கு சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமம். சின்ன வயசுல சுடலைமாடன் கோயில் கொடைன்னா விடிய விடிய முழிச்சிருப்போம், ஒரு பக்கம் வில்லுப்பாட்டு, இன்னொரு பக்கம் கணியான் கூத்து. கணியான் கூத்துல மகுடம்னு ஒரு தோல்மேளம் அடிப்பாவ, கேட்டிருக்கியளா? ரெண்டு மகுடம் இருக்கும், உச்சம் ஒண்ணு மந்தம் ஒண்ணு, ரெண்டும் சேந்து ஏறும்போது நெஞ்சுக்குள்ள யாரோ தட்டுத மாதிரி இருக்கும். நடுச்சாமத்துல சாமியாடுதவரு பந்தத்தைப் புடிச்சிக்கிட்டு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவாரு, அந்த நேரம் பிள்ளைகள யாரும் வெளிய விடமாட்டாவ. நான் ஆச்சி சேலையப் புடிச்சிக்கிட்டு வீட்டு முன்னால தார்சாவுல (தாழ்வாரத்துல) உக்காந்திருப்பேன். மேளச்சத்தம் தெரு தாண்டி, வாய்க்கா தாண்டி தூரமா போய்க்கிட்டே இருக்கும், அப்புறம் சட்டுன்னு நின்னுரும். அந்த நின்ன நேரம் இருக்கு பாத்தியளா, நாய் கூட குரைக்காது, கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது, ஆனா அங்க என்ன நடக்குதோன்னு உடம்பெல்லாம் காதா இருக்கும். இன்னைக்கு வரைக்கும் ஒரு பேய்ப்படம் நல்லாருக்கா இல்லையான்னு அந்த நேரத்தை வச்சுத்தான் நான் பாக்கேன்.

இன்னொண்ணு ஆச்சி சொன்ன கதைங்க. எங்க பக்கம் சாமி பாதிப்பேரு அநியாயமா செத்தவங்கதான். நீலி கதைய வில்லுல எத்தனை தடவ கேட்டிருப்பேன்னு கணக்கே கிடையாது, நம்புனவனே அவள கொன்னு போட்டுட்டுப் போயிருவான், அவன் அடுத்த பிறவியில செட்டியாரா பிறந்து வரும்போது இவ கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்புல வச்சிக்கிட்டு இவன்தான் என் புருஷன்னு சொல்லி ஊர்ச்சபையில வந்து நிப்பா. அந்த இடம் வரும்போது வில்லுப்பாட்டுக்காரர் குரலைத் தாழ்த்துவாரு, கூட்டத்துல பொம்பளைக அழுவாவ. பயப்படவும் செய்வாவ, அழவும் செய்வாவ. அவளையே இசக்கின்னு கும்பிடவும் செய்யுதோம், பிள்ளை வேணும்னு அவகிட்ட போய் தொட்டில் கட்டுதோம். இப்படி வளந்ததால எனக்கு பேய்னாலே ஏதோ ஒரு நியாயம் கேட்டு வந்து நிக்கிற ஆளு. சும்மா கோரமா மேக்கப் போட்டு கத்திக்கிட்டு வந்தா எனக்கு ஒட்டவே மாட்டேங்குது.

அதனாலதான் ஈரத்தை மொத எடத்துல வச்சிருக்கேன். 2009ல வந்த படம், அறிவழகனுக்கு அதுதான் மொதப்படம், தயாரிச்சது அவரு உதவி இயக்குநரா வேலை பாத்த ஷங்கர். அபார்ட்மெண்ட் வீட்டுல ரம்யான்னு ஒரு பொண்ணு தண்ணிக்குள்ள செத்துக் கெடக்கா, தற்கொலைன்னு முடிக்கப் பாக்காவ, விசாரிக்க வாரவரு காலேஜ்ல அவள விரும்புன போலீஸ்காரர் (ஆதி). அப்புறம் அதே அபார்ட்மெண்ட் ஆளுக ஒவ்வொருத்தரா சாவுதாவ. ஒவ்வொரு சாவுக்கு முன்னாலயும் எங்கயாவது தண்ணி இருக்கும், எங்கயாவது ஒரு செவப்பு வந்து போகும். மனோஜ் பரமஹம்சா கேமரா, படம் முழுக்க வெயிலே அடிக்காது, மழை பெஞ்சு ஓஞ்ச மாதிரி ஒரு வெளிச்சம்தான், தமன் மியூசிக்கும் பல எடத்துல தண்ணிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிக்கும்.

தாமிரபரணியில குளிச்சு வளந்த எங்களுக்கு தண்ணின்னா பயமே கெடையாது, பள்ளிக்கூடம் விட்டா நேரா ஆத்துக்குத்தான். அப்படிப்பட்டவன நடுங்க வச்ச படம் இது. அப்ப நான் காலேஜ், பாளையங்கோட்டையில நாலு பேரு சேந்து ரூம் எடுத்து இருந்தோம், செகண்ட் ஷோ பாத்துட்டு வந்து படுத்தாச்சு, பாத்ரூம்ல பைப் சரியா அடைக்காது, சொட்டு சொட்டா வாளியில விழுந்துக்கிட்டே இருக்கும், அத்தனை மாசமா ஒருத்தனுக்கும் அந்தச் சத்தம் காதுல விழுந்ததே இல்ல. அன்னைக்கு நாலு பேருக்கும் தூக்கம் வரல. "ஏல, நீ போய் அத அடைச்சிட்டு வாலே"ன்னு ஒருத்தன் சொல்ல, யாரும் எந்திரிக்கல. கடைசியில நான்தான் போனேன். லைட்டப் போட்டு வாளிய பாத்தா ஒரு சொட்டு விழுது, வட்டம் விரிஞ்சு ஓரத்துல முட்டுது, அடங்குது, அடுத்த சொட்டு. அவ்வளவுதான் அங்க இருந்தது, ஆனா நான் அந்த வட்டத்தையே எவ்வளவு நேரம் பாத்துக்கிட்டு நின்னேன்னு தெரியல, பின்னால பசங்க கூப்பிட்ட பிறகுதான் நெனப்பே வந்தது. வாளிய கவுத்து வச்சிட்டு வந்தேன்.

படம் இத்தனை வருஷம் மனசுல நிக்கிறதுக்கு அந்தப் பயம் மட்டும் காரணமில்ல. அந்தப் பொண்ணு சாவுக்குப் பின்னால அக்கம்பக்கத்து ஆளுக பேசுன பொய்ப்பேச்சு இருக்கு, ஒவ்வொருத்தரும் தன் சுயநலத்துக்கு ஒரு சொல்லு சொல்லிட்டுப் போறாங்க, எல்லாம் சேந்து ஒரு உசுரை வாங்கிருது (யாரு எப்படின்னு சொல்லல, பாக்காதவங்க பாக்கணும்). ஊர் வாயை மூட உலைமூடி ஏதுன்னு ஆச்சி சொல்லுவா. எங்க தெருவுலயே ஒரு அக்காவப் பத்தி அப்படிப் பேசிப் பேசி கடைசியில அவிய குடும்பமே ஊரை விட்டுப் போச்சு, எங்க வீட்டுத் திண்ணையிலயும் அந்தப் பேச்சு நடந்தது, நானும் கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தேன். ஈரம் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அக்கா மொகம் வரும்.

அடுத்தது பிசாசு, 2014, மிஷ்கின் எடுத்தது. வயலின் வாசிக்கிற பையன், ரோட்டுல அடிபட்டுக் கெடந்த பவானின்னு ஒரு பொண்ண தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுதான், அவ அவன் கையப் புடிச்சபடியே செத்துப்போறா. அவளோட ஒத்தைச் செருப்ப அவன் எடுத்து வச்சிக்கிடுதான், அவளும் அவன் வீட்டுக்கு வந்திருதா. இந்தச் செருப்ப பாத்ததும் எனக்கு காரையாறு சொரிமுத்தையனார் கோயில் ஞாபகம் வந்திட்டு. அங்க பட்டவராயனுக்கு, அதாவது சாமியான முத்துப்பட்டனுக்கு, தோல்செருப்புதான் நேத்திக்கடன். முத்துப்பட்டன் கதை தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், பிராமணனா பிறந்து பொம்மக்கா திம்மக்காவ கட்டுறதுக்காக செருப்புத் தைக்கக் கத்துக்கிட்டவன், மாடு களவாண்டவங்ககூட சண்டை போட்டுச் செத்தவன். ஆடி அமாவாசைக்கு அங்க கட்டுன செருப்ப அடுத்த வருஷம் போய்ப் பாத்தா நடந்து தேஞ்ச மாதிரி இருக்கும்னு சொல்லுவாவ, அப்பா என்னையத் தூக்கிக் காட்டியிருக்காவ, அடியில மண்ணு அப்பியிருக்கும். செத்தவங்க செருப்புல இன்னும் நடை இருக்குன்னு நம்புத ஊருக்காரனுக்கு பிசாசு படம் எவ்வளவு நெருக்கமா இருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

அந்தப் படத்துல ராதாரவிதான் பவானிக்கு அப்பா. மகள் உடம்ப எரிக்க மனசு வராம ஐஸ் பேக்டரியில வச்சிருப்பாரு. டிவியில போட்டப்ப எங்க அம்மாவும் கூட இருந்து பாத்தா, பேய்ப்படம்னா எந்திரிச்சு அடுக்களைக்குப் போயிருதவ அன்னைக்கு எந்திரிக்கல. முடிஞ்ச பிறகு முந்தானையால மொகத்தைத் தொடச்சிக்கிட்டு, "எய்யா, அந்தப் பிள்ளைய போய் பிசாசுன்னு பேரு வச்சிருக்காவளே"ன்னு கேட்டா. நான் பதில் சொல்லல, தொண்டை அடைச்சிருந்தது. படத்துல ஒரே பாட்டுதான், போகும் பாதை தூரமில்லைன்னு, தமிழச்சி தங்கபாண்டியன் எழுதி உத்தரா உன்னிகிருஷ்ணன் பாடுனது, அம்மா அத இப்பவும் போனுல போடச் சொல்லிக் கேப்பா.

யாவரும் நலம் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, அதனால சுருக்கமா சொல்லுதேன். விக்ரம் குமார் படம், அதுவும் 2009தான், மாதவன் நடிச்சது, பி.சி.ஸ்ரீராம் கேமரா. புது வீட்டுக்கு வந்த குடும்பம் மத்தியானம் ஒரு சீரியல் பாக்குது, சீரியல்ல நடக்குறது வீட்டுல நடக்குது. எங்க ஊருல மத்தியானச் சோறு முடிஞ்சா பட்டாசல்ல (வீட்டுக் கூடத்துல) எல்லா பொம்பளைகளும் டிவி முன்னாலதான், அதனால அந்தப் பயம் நேரா வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்திட்டு. லிப்ட் மாதவனுக்கு மட்டும் வேலை செய்யாதது, போன்ல எடுத்த போட்டோவுல அவரு மொகம் மட்டும் கோணிப்போறது, ரத்தமே இல்லாம இந்த அளவுக்கு நம்மூர்ல யாரும் பயம் காட்டல.

ரிங் 1998ல ஹிடியோ நகாதா எடுத்தது, ஒரு வீடியோ கேசட்டப் பாத்தா ஏழு நாள்ல சாவு. சடாகோங்கிற பொண்ண கெணத்துல தள்ளி மூடிருதாங்க, அவதான் திரும்ப வாரா. சப்டைட்டில் வச்சுப் பாத்தப்ப, அட இது நம்ம இசக்கில்லான்னு தோணுச்சு, அவ்வளவு தூரத்துல இருக்க நாட்டுலயும் கொன்னு மறைச்ச பொம்பள நியாயம் கேட்டுத்தான் வாரா. ஒரே வித்தியாசம், நம்ம ஆளுக பயந்த பிறகு கோயில் கட்டிக் கும்புடுவாங்க, சடாகோவுக்கு அது கெடைக்கல, பாவம்.

பூதகாலம் 2022ல வந்தது, ராகுல் சதாசிவன் இயக்கம், ரேவதியும் ஷேன் நிகமும் அம்மா மகன். பாட்டி செத்த பிறகு வீட்டுல மிஞ்சுன ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிடாம இருக்கிறதே பேயை விடப் பயமா இருக்கும். நான் மேல சொன்னேன்ல, மேளம் நின்ன நேரம், அது இந்தப் படத்துல நெறைய இருக்கு.

பழசுல ஒண்ணு சொல்லாம விட்டா ஆச்சி கோவிச்சுக்கிடுவா. ஸ்ரீதரோட நெஞ்சம் மறப்பதில்லை, 1963. வின்சென்ட் கேமரா, வயசான ஜமீன்தாரா நம்பியார். மறுபிறவிக் கதைதான், ஆனா அந்தப் பாழடஞ்ச பங்களாவும் சுசீலாம்மா குரலும் சேரும்போது இன்னமும் கை மயிர் நட்டுக்கிட்டு நிக்கும். ஆச்சி கடைசியா எங்ககூட உக்காந்து முழுசாப் பாத்த படம் அது.

இதுல ஒண்ணே ஒண்ணு பாக்கத்தான் நேரம் இருக்குன்னா ஈரம் பாருங்க. ஐப்பசி கார்த்திகை மழையில, ராத்திரி, செல்போன தள்ளி வச்சிட்டு. பாத்ரூம் பைப்ப மட்டும் முன்கூட்டியே நல்லா அடைச்சிட்டு உக்காருங்க.