பற்றரி உருக்கும் கொட்டிலும் பக்கத்து வளவு முருங்கையும்

கேள்வி: களுவாஞ்சிக்குடிப் பக்கம் எங்கள் வளவு. வேலிக்கு அப்பால் ஒன்றரை வருடமாகப் பழைய பற்றரி உடைத்து ஈயம் உருக்குகிறார்கள். கச்சான் காற்றுக்குப் புகை முழுக்க எங்கள் பக்கம்தான். முருங்கை, தென்னையெல்லாம் கருந்தூசி. பிரதேச சபையில் வாயால் சொன்னோம், பலனில்லை. மரங்களை வெட்டிவிட்டு வழக்குப் போடலாமா?

பதில்: மரங்களில் கை வைக்கவேண்டாம், உங்கள் சாட்சியே அவைதான். வெட்டிக் கொளுத்தினாலும் ஈயம் அழியாது, சாம்பலோடு வளவுக்குள்ளேயே கிடக்கும். முருங்கையிலை சமைப்பதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். கழுவினால் தூசியில் ஒரு பகுதிதான் போகும்.

இப்படியான வழக்குகள் சறுக்குவது, சோதனைக்கு மாதிரி எடுக்கும் இடத்தில்தான். "பழைய பெயின்டிலிருந்து வந்திருக்கலாமே" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கட்டாயம் கேட்பார். ஈயம் வேர்வழியாக இலைக்கு ஏறுவது சொற்பம். இலையிலும் பட்டையிலும் இருப்பது அநேகமாகக் காற்றில் வந்து படிந்தது. ஆகவே ஒரே மரத்து இலையை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைக் கழுவியும் மற்றதைக் கழுவாமலும் சோதிக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் பெரிதென்றால் அது தூசியின் கணக்கு. மேல்மண்ணை (0–15 செ.மீ.) வேலியோரம், நடுவளவு, கடைசி எல்லை என மூன்று இடத்தில் எடுக்கவேண்டும். காற்று வரும் பக்கம் ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் அதே இன மரத்திலும் மண்ணிலும் ஒப்பீட்டு மாதிரி இல்லாவிட்டால் அறிக்கைக்குப் பெறுமதி குறைவு. கிணற்றையும் விடாதீர்கள்: நம் மணல் மண்ணில் பற்றரி அசிட் இறங்கினால் ஈயத்தையும் கரைத்துக்கொண்டு போகும்.

நீங்களே பறித்துக் கொடுத்த இலையை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். மத்திய சுற்றாடல் அதிகார சபை உத்தியோகத்தரோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ எடுத்து, முத்திரையிட்டு, திகதியுடன் ஒப்பமிடட்டும்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் 23அ பிரிவுப்படி, குறித்துரைக்கப்பட்ட தொழிலை அனுமதிப்பத்திரமின்றி நடத்த முடியாது. கொட்டிலுக்கு அது இருக்கிறதா என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். முறைப்பாட்டைப் பதிவுத்தபாலில் அதிகார சபைக்கும் பிரதேச சபைக்கும் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

கொட்டிலை நிறுத்த, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின்கீழ் நீதவான் நீதிமன்றம் போகலாம். ஆனால் அது பொதுத்தொல்லைக்கானது. அயல் வீட்டார் நாலைந்து பேரும் சேர்ந்து வந்தால்தான் நிற்கும்; தனியே போனால் அயலவர் சண்டை என்று தள்ளிவிட இடமுண்டு.

நட்டஈடு மாவட்ட நீதிமன்றத்தில். வினைக்காரணம் (வழக்குப் போடக் காரணமான தீங்கு) எழுந்து 2 வருடத்துக்குள் போடவேண்டும். தொல்லை தொடர்கிறது என்று வாதிடலாம்தான், ஆனால் அதை நம்பி இருக்கவேண்டாம். உங்களுக்கு ஏற்கெனவே ஒன்றரை வருடம் போய்விட்டது. அறிக்கை கைக்கு வரும் வாரமே சட்டத்தரணியைப் பாருங்கள்.