தொற்றுநோய் கேள்வி-பதில்: எந்த வழியாக வருகிறது, எங்கே தடுக்கலாம்?

தொற்றுநோய் பற்றி வந்திருக்கும் கேள்விகளில் பலவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே பயம்தான்: பக்கத்தில் போனாலே ஒட்டிக்கொள்ளுமா? சில நோய்களுக்கு ஆமாம், பலவற்றுக்கு இல்லை. காற்று, கை, தண்ணீர், கொசு, ரத்தம் என்று ஒவ்வொரு நோயும் தனக்கென்று ஒரு வழி வைத்திருக்கிறது. அந்த வழியை அடைக்காமல் நோயாளியை மட்டும் ஒதுக்கிவைத்தால் அவருக்குத்தான் மனக்கஷ்டம், நோய் பாட்டுக்குப் பரவிக்கொண்டிருக்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் நாலே நாளில் மூன்று பேருக்கு டெங்கு வந்துவிட்டது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது என்கிறார்களே, அப்புறம் எப்படி?

ஒட்டாது என்பது உண்மை. நோயாளியைத் தொட்டாலோ, அவர் பக்கத்தில் படுத்தாலோ, அவர் சாப்பிட்ட தட்டில் சாப்பிட்டாலோ டெங்கு வராது. நடுவில் ஏடிஸ் கொசு வந்தாக வேண்டும்.

உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதை அந்த நாலு நாள் கணக்கே சொல்லிவிடுகிறது. டெங்கு நோயாளியைக் கடித்த கொசுவால் உடனே அடுத்தவருக்கு நோயைக் கொடுக்க முடியாது. வைரஸ் கொசுவின் குடலில் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பி வரை வந்துசேர 8 முதல் 12 நாள் ஆகும். அதற்குப் பிறகு கடிபட்டவருக்குக் காய்ச்சல் தொடங்க இன்னும் 4 முதல் 10 நாள். முதலில் படுத்தவரிடமிருந்து அடுத்தவருக்குப் போயிருந்தால் நடுவில் குறைந்தது பத்துப் பன்னிரண்டு நாளாவது கழிந்திருக்கும். நாலே நாளில் மூவரும் படுத்தார்கள் என்றால், ஏற்கெனவே வைரஸோடு திரிந்த கொசு மூவரையும் கடித்திருக்கிறது என்று பொருள். ஏடிஸின் பழக்கம் அது. ஒருவரிடம் கொஞ்சம் உறிஞ்சும், அவர் காலை அசைத்தால் எழுந்து பக்கத்தில் இருப்பவர் மேல் உட்காரும்.

இதில் கவனிக்க வேண்டியது, அடுத்த சுற்று இனிமேல்தான் வரக்கூடும். காய்ச்சலில் இருப்பவரை இப்போது கடிக்கும் கொசு இரண்டு வாரம் கழித்து அக்கம்பக்கத்தில் வேலையைக் காட்டும். அதனால் நோயாளி பகலிலும் கொசுவலைக்குள் படுக்கட்டும். ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு. காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் அதிகம் கடிக்கும்.

புகை மருந்து அடித்துவிட்டார்கள், கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். அது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தண்ணீருக்குள் இருக்கும் புழுவையும் முட்டையையும் ஒன்றும் செய்யாது. தண்ணீர் பிடித்துவைத்த வாளியின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரோடு ஒட்டிக்கொண்டு, கடுகைவிடச் சிறிதாகக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை முட்டைகளாக இருக்கலாம். தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தாலும் அவை போகாது. காய்ந்த நிலையிலேயே பல மாதம் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பிரஷ் போட்டு அழுத்தித் தேய்த்தால்தான் கழன்று வரும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவினால் அந்தச் சுழற்சி அறுந்துபோகும். வாளி, தொட்டி மட்டுமல்ல, பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு, ஃப்ரிட்ஜின் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு, கூலர், மாடியில் கிடக்கும் பழைய டயர் எல்லாவற்றையும் பாருங்கள்.

இன்னொன்று: காய்ச்சல் விட்டதும் ஆபத்து விலகிவிட்டதாக நினைக்காதீர்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாள்தான் நோய் கடுமையாகத் திரும்பக்கூடிய நேரம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தக்கசிவு, மிகுந்த சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுப்ரூஃபன் இரண்டும் ரத்தக்கசிவைக் கூட்டும், வேண்டாம்.

கேள்வி: மெட்ராஸ் ஐ வந்தவரின் கண்ணைப் பார்த்தால் நமக்கும் வருமா?

வராது. கண்ணைக் கசக்கிய கை, துண்டு, தலையணை உறை, கண் மை, சொட்டு மருந்துப் புட்டியின் முனை ஆகியவை வழியாகத்தான் பரவுகிறது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வது வெளிச்சக் கூச்சத்துக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். கையைக் கழுவுங்கள், துண்டைத் தனியாக வையுங்கள்.

கேள்வி: என் அண்ணனுக்கு நுரையீரல் டிபி. மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது. தட்டு, டம்ளர், துணி எல்லாம் தனியாக வைத்திருக்கிறோம். குழந்தைகளை அவர் பக்கத்தில் விடுவதில்லை. இன்னும் எத்தனை நாள் இப்படி இருக்க வேண்டும்? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

அம்மா, தட்டையும் டம்ளரையும் இன்றைக்கே ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். டிபி தட்டு வழியாகவோ, துணி வழியாகவோ, கைகுலுக்குவதாலோ பரவுகிற நோயே அல்ல. அது காற்றில் பரவும் நோய். நுரையீரலில் டிபி உள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் வெளியே வரும் மிக நுண்ணிய துளிகள் மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். அந்தக் காற்றை நாள்தோறும் சுவாசிப்பவருக்குத்தான் தொற்ற வாய்ப்பு அதிகம். ஆகவே தனித் தட்டு தடுக்காததைத் திறந்த ஜன்னல் தடுக்கும். காற்றோட்டமும் வெயிலும் வரும் அறையில் அவர் இருக்கட்டும், இருமும்போது வாயை மூடிக்கொள்ளட்டும்.

சரியான மருந்து உள்ளே போகத் தொடங்கியதுமே பிறருக்குத் தொற்றும் தன்மை வேகமாகக் குறைகிறது. சாதாரண டிபிக்குப் பொதுவாக இரண்டு வாரம் என்று கணக்கு வைப்பார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்றால் கணக்கு வேறு, அதை உங்கள் மருத்துவர் சளிப் பரிசோதனையைப் பார்த்துச் சொல்வார். உங்கள் அண்ணன் ஒரு மாதமாகத் தவறாமல் மாத்திரை சாப்பிட்டு, இருமலும் குறைந்திருந்தால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு பிள்ளைகளை அவரிடம் விடுங்கள்.

இப்போது நீங்கள் உண்மையில் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. நோய் கண்டுபிடிக்கும் முன்பு, மருந்தே இல்லாமல் அவர் இருமிக்கொண்டிருந்த வாரங்களில்தான் வீட்டில் இருப்பவர்களுக்குத் தொற்றியிருக்க வாய்ப்பு. ஆகவே எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் முதலில். உலக மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் உடம்பில் டிபி கிருமி நுழைந்திருக்கிறது. ஆனால் அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் அது நோயாக மாறுகிறது. கிருமி உறங்கும் நிலையில் இருக்கும்போதே தடுப்பு மருந்து கொடுத்துவிட்டால் பிள்ளைகளைக் காப்பாற்றிவிடலாம்.

அண்ணனுக்கு இரண்டாம் மாதமே உடம்பு தேறிவிடும், பசி எடுக்கும், எடை கூடும். மாத்திரையை நிறுத்திவிடலாமே என்று தோன்றுவதும் அப்போதுதான். ஆறு மாதம் என்றால் ஆறு மாதம் முழுதாகச் சாப்பிட வேண்டும். பாதியில் விட்டால் மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்குப் பழகிக்கொண்டு திரும்பும். தனித்தட்டில் சோறு போட்டு ஒதுக்கப்படுகிறவரைவிட, வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவார். இதை நான் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன்.

கேள்வி: சானிடைசர் போட்டால் போதாதா, எதற்கு சோப்பு?

ஃப்ளூ, கொரோனா போன்ற வைரஸ்களுக்குக் கொழுப்பால் ஆன மேலுறை உண்டு. குறைந்தது 60 சதவீத ஆல்கஹால் உள்ள சானிடைசர் அந்த உறையைக் கரைத்துவிடும். வாந்தி, பேதியைக் கிளப்பும் நோரோ வைரஸுக்கு அந்த உறையே கிடையாது. அதனிடம் சானிடைசர் பெரிதாக எடுபடாது. நூறுக்கும் குறைவான வைரஸ் துகள் உள்ளே போனாலே அது நோயாகிவிடும். இங்கே சோப்பு போட்டுத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவி அகற்றுவதுதான் வழி. 20 வினாடியாவது தேய்க்க வேண்டும். பலரும் உள்ளங்கையை மட்டும் தேய்த்துவிட்டு விரல் நுனி, நகக்கண், கட்டைவிரல் மூன்றையும் விட்டுவிடுகிறார்கள். வாய்க்குப் போவதும் மூக்கைத் தொடுவதும் அந்த விரல் நுனிதான்.

வாந்தி, பேதி நின்ற பிறகும் இரண்டு நாள் மற்றவர்களுக்குச் சமைக்காதீர்கள். நோயாளி தேறிவிட்டார் என்றாலும் அவர் வழியாக வைரஸ் வெளியேறிக்கொண்டுதான் இருக்கும்.

கேள்வி: காய்ச்சல் கண்ட அன்றே என் மகனைத் தனி அறையில் வைத்தேன். ஆனாலும் வீடு முழுக்க ஃப்ளூ. தனிமைப்படுத்துவதில் பயனே இல்லையா?

பயன் உண்டு, ஆனால் ஃப்ளூ உங்களைவிட ஒரு நாள் முந்திக்கொண்டது. காய்ச்சல் தெரிவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்பே வைரஸ் வெளியே வரத் தொடங்கிவிடும். அன்று பையன் ஓடியாடி உங்களோடுதான் இருந்திருப்பான்.

ஒரு நோயைக் கட்டுப்படுத்துவது எளிதா, கடினமா என்பதை இந்த ஒரு விஷயமே பெருமளவு தீர்மானிக்கிறது. 2003-ல் சார்ஸ் என்ற கடும் சுவாச நோய் பரவியபோது, நோயாளிகள் பெரும்பாலும் காய்ச்சல் வந்த பிறகே, அதிலும் நோய் முற்றிய நிலையில்தான் அதிகமாகப் பரப்பினார்கள். காய்ச்சல் உள்ளவரைத் தேடித் தனிமைப்படுத்தியே அதை அந்த ஆண்டே அடக்கிவிட முடிந்தது. 2019-ன் கடைசியில் தோன்றிய கொரோனா அதே குடும்பத்து வைரஸ்தான். ஆனால் அறிகுறி தெரியும் முன்பே, சிலரிடம் அறிகுறியே இல்லாமலும் பரவியது. வாசலில் நின்று நெற்றியில் வெப்பமானி காட்டிப் பிடிக்கிற நோயாக அது இருக்கவில்லை.

அடுத்த முறையும் தனி அறையில் வையுங்கள். முதல் நாளைத் தவறவிட்டாலும், மிச்சமுள்ள நாலைந்து நாளின் பரவலாவது குறையும். வீட்டில் முதியவர், கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அந்த நாலைந்து நாள் அவர்களுக்குப் பெரிய விஷயம்.

கேள்வி: என் குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டாயிற்று. அடுத்தவர் போடாவிட்டால் எனக்கென்ன?

தட்டம்மை வைரஸ் சிகரெட் புகை மாதிரி அறையெங்கும் நிறைந்துவிடும். நோயுள்ள குழந்தை எழுந்துபோன பிறகும் அந்த அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் நெருங்கியிருந்தால் ஒன்பது பேருக்கு வந்துவிடும். யாருக்குமே எதிர்ப்புச் சக்தி இல்லாத ஊரில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார் என்பது வழக்கமான கணக்கு.

பதினைந்து என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பதினைந்து பேரில் பதினாலு பேர் பாதுகாப்போடு இருந்தால் ஒருவருக்குத்தான் போகும். பரவல் வளராது. பதினாலு என்றால் 93 சதவீதம். 95 சதவீதம் பேருக்கு எதிர்ப்புச் சக்தி வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான். இரண்டு டோஸ் போட்டாலும் நூற்றில் மூன்று பேருக்குப் பாதுகாப்பு கிடைக்காமல் போகும். ஊசி போடும் வயது வராத கைக்குழந்தைக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பதால் ஊசி போட முடியாத பிள்ளைக்கும் சுற்றியிருப்பவர்கள்தான் அரண்.

'வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், சாதாரண அம்மைதானே' என்று சிலர் எழுதுகிறார்கள். 2019-ல் வெளியான ஓர் ஆய்வு, தடுப்பூசி போடாமல் தட்டம்மை வந்த குழந்தைகள் மற்ற நோய்களுக்கு எதிராகச் சேர்த்துவைத்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை இழந்திருந்ததைக் காட்டியது. தட்டம்மை போன பின்பும் அந்தப் பிள்ளை பழைய நோய்களிடம் மறுபடி மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: வைரஸ் காய்ச்சலுக்கு ஆண்டிபயாடிக் எழுதித் தரச் சொல்லலாமா?

வேண்டாம். அது பாக்டீரியாவுக்கு மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், 1945-ல் தன் நோபல் உரையிலேயே, அளவு குறைத்துச் சாப்பிட்டால் கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். போன முறை மிச்சமான மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பெரியம்மையை ஒழித்துவிட்டோமே, மற்ற நோய்களை ஏன் ஒழிக்க முடியவில்லை?

பெரியம்மையிடம் நமக்குச் சாதகமான பல குணங்கள் இருந்தன. மனிதரைத் தவிர வேறு உயிரினத்தில் அந்த வைரஸ் ஒளிந்துகொள்ளவில்லை. வந்தால் முகத்திலேயே தெரிந்துவிடும். நோயாளியோடு பழகிய பிறகுகூட, சில நாளுக்குள் தடுப்பூசி போட்டால் காப்பாற்ற முடிந்தது.

1966 கடைசியில் நைஜீரியாவின் கிழக்குப் பகுதியில் பெரியம்மை ஒழிப்பில் வேலைசெய்த அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபேகியிடம் எல்லோருக்கும் போடும் அளவுக்குத் தடுப்பு மருந்து இல்லை. ஆகவே ரேடியோ மூலம் சுற்றுவட்டாரத்தில் எங்கெங்கே நோய் என்று விசாரித்து, நோயாளியைச் சுற்றி இருந்தவர்களுக்கும், நோய் அடுத்துப் போகக்கூடிய இடங்களுக்கும் மட்டும் ஊசி போட்டார். பரவல் நின்றது. நோயைச் சுற்றி வேலி கட்டும் அந்த முறைதான் பிறகு பல நாடுகளில் கைகொடுத்தது. இயற்கையாகத் தொற்றிய கடைசி நோயாளி 1977 அக்டோபரில் சோமாலியாவில் கண்டறியப்பட்டார். 1980 மே மாதம் உலக சுகாதாரச் சபை ஒழிப்பை அறிவித்தது.

மற்ற நோய்களில் இந்த வசதி கிடைக்கவில்லை. போலியோ தொற்றியவர்களில் ஏறக்குறைய இருநூறில் ஒருவருக்குத்தான் கைகால் செயலிழக்கும். மீதிப் பேர் தெரியாமலேயே பரப்புவார்கள், யாரைச் சுற்றி வேலி கட்டுவது? ஃப்ளூ பறவைகளிலும் பன்றிகளிலும் இருக்கிறது, வடிவமும் மாற்றிக்கொண்டே இருக்கிறது. டெட்டனஸ் கிருமி மண்ணிலேயே குடியிருக்கிறது. மண்ணை யார் சுத்தம் செய்ய முடியும்? அங்கே அவரவர் ஊசிதான் அவரவருக்குக் காவல். ஒழிக்க முடியாத நோயையும் கட்டுக்குள் வைக்க முடியும் என்பதை இந்த ஊசி காட்டியிருக்கிறது.

கேள்வி: சின்னம்மை வந்த பிள்ளையை எப்போது பள்ளிக்கு அனுப்பலாம்?

எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகு. பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். நாளை எண்ணாதீர்கள், தோலைப் பாருங்கள். நீர் கோத்த கொப்புளம் ஒன்று இருந்தாலும் வீட்டிலேயே இருக்கட்டும். வீட்டில் வேறு பிள்ளை இருந்தால், இதுவரை அம்மை வராமலும் ஊசி போடாமலும் இருந்தால், 21 நாள் வரை கவனியுங்கள். அம்மை வராத கர்ப்பிணி யாராவது அந்தப் பிள்ளையோடு இருந்திருந்தால், அறிகுறிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

பொருக்கு உதிர்ந்த இடம் கொஞ்ச நாள் நிறம் மாறித் தெரியும். அதிலிருந்து யாருக்கும் தொற்றாது. அந்தத் தழும்பைக் காட்டிப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பினால், மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.