இரவெல்லாம் அடுப்பின் மேல் இருந்த சோறு

கேள்வி: மாமனாருக்கு ரத்த அழுத்தம், மூத்தவளுக்கு 10 வயது, சின்னவனுக்கு 8 மாதம். எதைச் சாப்பிட்டாலும் ஆபத்து என்று சொல்லும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, எதை வாங்கவும் பயமாக இருக்கிறது. சர்க்கரையை நிறுத்திவிட்டேன். எல்லோருக்கும் தேன்தான், குழந்தையின் கூழில்கூட. தூள் உப்புக்குப் பதில் பாறை உப்பு. பூச்சிமருந்துக்குப் பயந்து காய்கறியையும் குறைத்துவிட்டேன். சோற்றை மட்டும் வீணாக்குவதில்லை. இரவு மிஞ்சியதை அடுப்பின் மேலேயே மூடி வைத்து, காலையில் நன்றாகச் சூடாக்கி மாமனாருக்குக் கொடுக்கிறேன். ஃப்ரிட்ஜில் வைத்தால் சத்து போய்விடும் என்கிறார்களே! மூத்தவள் தட்டைப் பார்த்தாலே "இதில் விஷம் இருக்கா அம்மா?" என்கிறாள். எதை நம்பிச் சாப்பிடுவது? எந்த எண்ணெய் நல்லது?
- ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

மற்றதெல்லாம் அப்புறம். குழந்தைக்குத் தேன் கொடுப்பதை இன்றே நிறுத்துங்கள். ஒரு வயது முடியும்வரை ஒரு துளிகூட வேண்டாம், கூழில் கலந்தும் வேண்டாம். க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும். நமக்கு அவை ஒன்றும் செய்யாது. கைக்குழந்தையின் குடல் இன்னும் பக்குவப்படாததால், அங்கே முளைத்து நரம்புகளைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கிவிடும். சாதாரணமாகக் காய்ச்சினால் அந்த வித்துகள் சாவதில்லை. இதுவரை கொடுத்ததை நினைத்துக் கலங்க வேண்டாம், இந்த நோய் அபூர்வம்தான். ஆனால் மலச்சிக்கல், பால் குடிப்பதில் சோர்வு, அழுகைக் குரல் மெலிவது, கண் இமை தொங்குவது, கழுத்து துவள்வது, இதில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். 8 மாதக் குழந்தைக்குச் சர்க்கரையும் தேவையில்லை. பழத்தை மசித்துக் கொடுத்தால் போதும்.

பெரியவர்களுக்கும் தேன் கிட்டத்தட்ட சர்க்கரைதான். உலக சுகாதார நிறுவனம் சர்க்கரைக்குச் சொல்லும் வரம்பில் தேனும் சேர்த்தி. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராமுக்குள், 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது.

இனி அந்தச் சோறு. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். நீங்கள் பயந்து ஒதுக்கிய பொருள்களைவிட, பயமில்லாமல் செய்யும் இந்தக் காரியத்தில்தான் ஆபத்து கூடுதல். அரிசியில் பேசிலஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். கொதிக்கிற தண்ணீரையும் தாங்கிக்கொண்டு அவை பிழைத்திருக்கும். சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் ஒரு நச்சைச் சோற்றில் விட்டுவிடும். காலையில் எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது. வாசனையிலோ ருசியிலோ தெரியாது என்பதால் முகர்ந்து பார்த்தும் பயனில்லை. இளம் வயதினர் ஒரு நாள் அவதிப்பட்டு எழுந்துவிடுவார்கள். வயதானவருக்கு வாந்தியும் நீரிழப்பும் அப்படி லேசில் விடாது.

கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடையில். சமைத்த எதையும் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். சோறு மிஞ்சும் என்று தெரிந்தால், அப்போதே அகலமான பாத்திரத்தில் மெல்லியதாகப் பரப்பி ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். பெரிய பானையோடு வைத்தால் நடுவில் சூடு அடங்கவே பல மணி நேரம் ஆகும். மறுநாளே, முழுவதும் ஆவி பறக்கும்படி ஒரே ஒரு முறை சூடாக்கிச் சாப்பிடுங்கள். ஃப்ரிட்ஜில் ஓர் இரவு இருந்தால் சத்து அப்படியொன்றும் போய்விடாது. இரவெல்லாம் வெளியே இருந்துவிட்டால் கொட்டத்தான் வேண்டும். உணவைக் கொட்ட மனசு வராதுதான், ஆனால் அவர் வயிற்றில் போடுவதற்கு அது மேல்.

பாறை உப்பு விஷயத்தில் உங்களுக்கு ஒரு நஷ்டம்கூட இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், ரத்த அழுத்தத்தைத் தூள் உப்பைப் போலவே ஏற்றும். அதில் அயோடின் சேர்க்காமல் விற்பது வழக்கம் என்பதால், வளரும் பிள்ளைகளுக்கு வேண்டிய அயோடின் குறைந்துபோகலாம். அயோடின் கலந்த உப்புக்கே திரும்பி, அளவைக் குறையுங்கள். பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. பாக்கெட்டில் விற்கும் தின்பண்டங்களில் இருக்கும் உப்பும் இந்தக் கணக்கில்தான் சேரும். பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து, அதை 2.5-ஆல் பெருக்குங்கள். 800 என்றிருந்தால் 2 கிராம் உப்பு. அது 100 கிராமுக்கா, முழு பாக்கெட்டுக்கா என்பதையும் கவனியுங்கள், பலர் ஏமாறுவது அங்கேதான். சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், சில ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அது ஆகாது. மாமனாரின் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

காய்கறியைக் குறைத்தது தவறான முடிவு. ஒருவருக்கு நாளுக்கு காயும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் வேண்டும். ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள், கீரையின் வேர்ப்பக்கத்தைப் பிரித்து அலசுங்கள், சோப்பு வேண்டாம். அதன் பிறகும் மிஞ்சும் சொற்ப மருந்துக்குப் பயந்து காயையே விடுவதில் நஷ்டம்தான் அதிகம். அசைவம் சமைப்பீர்களானால் பச்சைக் கோழியைக் கழுவாதீர்கள், தெறிக்கும் நீரோடு கிருமியும் பரவும். இறைச்சி வெட்டிய பலகையில் அப்படியே வெள்ளரி நறுக்கவும் வேண்டாம்.

மூத்தவளின் கேள்விதான் என் மனதை மிகவும் வருத்தியது. சாப்பாட்டு நேரத்தில் விஷம், நோய் என்ற பேச்சே வேண்டாம், அந்த வீடியோக்களும் வேண்டாம். அவளைச் சமையலறைக்குக் கூப்பிடுங்கள். காய் கழுவட்டும், சோடியம் கணக்கை அவளே போடட்டும். தன் கையால் செய்ததை நம்பிச் சாப்பிட அவளுக்குச் சுலபமாக இருக்கும். அப்படியும் வேளை வேளையாகச் சாப்பாட்டைத் தள்ளினாலோ எடை குறைந்தாலோ, பிடிவாதம் என்று விட்டுவிடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எண்ணெயைப் பொறுத்தவரை, கடலை, எள், சூரியகாந்தி என்று ஏதாவது ஒரு தாவர எண்ணெயைக் குறைவாக ஊற்றுங்கள், போதும். ஓரளவு ஹைட்ரஜனேற்றம் செய்யப்பட்டது என்று பாக்கெட்டில் எழுதியிருந்தால் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு இருக்கும், அதை வாங்காதீர்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம். கறுத்து, நுரைத்து, பிசுபிசுவென்று ஆகிவிட்டால் கொட்டிவிடுங்கள்.