வைட்டமின் டி மாத்திரை தசையை வளர்க்குமா?

கேள்வி: எனக்கு வயது 58. சில மாதங்களாகக் கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. படியேறினால் தொடை தளர்ந்துவிடுகிறது. இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி, மில்லிலிட்டருக்கு 9 நானோகிராம் என்று வந்ததால் மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் என் மகனோ, தனக்கு 34 இருந்தும், தசை வளரும் என்று அதே மாத்திரையைச் சாப்பிடுகிறான். இருவருக்கும் பலன் கிடைக்குமா?

பதில்: உங்களுக்குக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு, உங்கள் மகனுக்கு இல்லை.

இந்த அளவு 12-க்குக் கீழே இறங்கினால் குறைபாடு என்றும், 20 இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும் என்றும் கொள்வது வழக்கம். கடுமையான குறைபாட்டில் முதலில் சோர்வது இடுப்பையும் தொடையையும் சேர்ந்த பெரிய தசைகள்தான். கையை ஊன்றி எழுவது அந்தத் தசைகள் சோர்ந்ததன் அடையாளம். தசை சுருங்கி விரிய, அதன் செல்களுக்குள் கால்சியம் நொடிக்கு நொடி வெளிப்பட்டு மீண்டும் உள்ளிழுக்கப்பட வேண்டும். வைட்டமின் டி குறையும்போது இந்த ஓட்டம் தடுமாறுவதோடு, ஆற்றலுக்குத் தேவையான பாஸ்பேட்டும் இரத்தத்தில் குறைகிறது. கால் இடறும்போது சட்டென்று நம்மைத் தாங்கிப் பிடிக்கும் வேக இழைகள் மெலிவதால், கீழே விழும் அபாயமும் கூடுகிறது.

குறைபாடு நீங்கினால், சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் இழந்த வலிமை படிப்படியாகத் திரும்பும். திரும்புவது வலிமையே தவிர, தசையின் பருமன் அல்ல. பருமனுக்கு எடைப்பயிற்சியும் போதிய புரதமும் வேண்டும். ஏற்கெனவே போதிய அளவு உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில், சொல்லத்தக்க பலன் தெரியவில்லை.

அளவுக்கு மீறினால் தீங்கும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5,00,000 யூனிட்டை ஒரே தவணையாகக் கொடுத்த ஆய்வு 2010-இல் வெளியானது; வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட அவர்கள்தாம் அதிகம் விழுந்தார்கள், எலும்பும் அதிகம் முறிந்தது. மிகையான வைட்டமின் டி இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும். அதுவும் தசையைத் தளர்த்தும் என்பதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள்.

தைராய்டு கோளாறும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளும் இதே தளர்ச்சியைத் தரக்கூடும் என்பதால், அவற்றையும் மருத்துவரிடம் கேளுங்கள். பிடித்துக்கொள்ள அருகில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது, கையை ஊன்ற நேர்ந்ததா என்று இன்றே குறித்துவைத்து, மாதம் ஒருமுறை அதையே செய்து பாருங்கள். மறுபரிசோதனைக்குப் போகும்போது அந்தக் குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள்.