வெள்ளம் வராத வருஷம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எத்தியோப்பியாவில் ஓமோ ஆற்றில் அணை கட்டியதால் கரையோரப் பழங்குடிகள் பட்டினிக்கு வந்துவிட்டார்கள் என்று போன இதழில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அணை கட்டினால் வெள்ளம் நிற்கும், வெள்ளம் நின்றால் நல்லதுதானே? எனக்குப் புரியவில்லை. (கோத்தகிரி வாசகி)

பதில்: நம்ம நீலகிரி மலையில் வெள்ளம் என்றால் மண்சரிவு, ரோடு மூடல், பள்ளிக்கூடத்துக்கு லீவு. அதனால் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். ஆனால் ஆடிப்பெருக்கை நினைத்துப் பாருங்கள். புதுத் தண்ணீர் வந்தால்தான் விதைப்பு என்று காவிரிக்கரைக்காரர்கள் ஆற்றுக்குப் படையல் போட்டுக் கும்பிடுகிறார்கள், மேட்டூரில் தண்ணீர் இல்லாத வருஷம் பம்புசெட்டுக்கு அடியில் நின்று தலை நனைத்துக்கொள்கிறார்கள். ஓமோக்கரையில் இருப்பவர்களுக்கும் ஆடி, ஆவணி வெள்ளம்தான் சோறு.

சுமார் 760 கிலோமீட்டர் ஓடி கென்யாவின் துர்கானா ஏரியில் விழுகிற ஆறு அது. மேலே மலையில் பெய்யும் மழையில் ஆகஸ்ட் வாக்கில் பெருகிக் கரை தாண்டும். வடியும்போது ஈரமும் வண்டலும் கரையில் தங்கும். முர்சி, காரோ, குவேகு, தாசனெச் என்று பல இனத்தார் அந்த ஈரத்தில் சோளம் ஊன்றி அடுத்த மழை வருமா என்று வானத்தைப் பார்க்காமலே அறுத்துவிடுவார்கள். கீழே மழையை நம்ப முடியாது, ஆற்றைத்தான் நம்பினார்கள்.

அந்த ஆற்றின் மேல்பகுதியில்தான் 243 மீட்டர் உயரமுள்ள கில்கல் கிபே மூன்று என்ற அணை எழுந்தது. 2015-இல் தண்ணீர் தேக்க ஆரம்பித்து 2016 டிசம்பரில் திறந்தார்கள், 1,870 மெகாவாட். மின்சாரத்துக்கான அணைக்கு வருஷம் முழுக்க ஒரே சீராகத் தண்ணீர் ஓடினால்தான் லாபம். அதனால் ஆவணியில் வரவேண்டியதைப் பிடித்து வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். வருஷத்துக்கு இத்தனை கன அடி என்று கூட்டிக் கழித்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் குறைந்திருக்காது. வேளைதான் மாறியிருக்கும், வண்டல் அணைக்குப் பின்னால் நின்றுவிட்டிருக்கும். செயற்கையாக வெள்ளம் விடுகிறோம் என்று முதலில் சொன்னார்கள், ஆனால் பழைய வெள்ளம் திரும்பி வரவில்லை.

அப்புறம் கரும்பு. ஆறு சீராக ஓடினால் வாய்க்கால் வெட்டலாம், வாய்க்கால் இருந்தால் கரும்பு போடலாம். 2011-இல் குராஸ் சர்க்கரைத் திட்டம் என்று அறிவித்தபோது சொன்ன கணக்கு ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல். பிறகு அதைக் குறைத்தார்கள். மாடு மேய்ந்த நிலத்தில் புல்டோசர் ஓடியது, மேய்த்தவர்களை ஒரே இடத்தில் குடியமர்ந்து விவசாயம் பாருங்கள் என்றார்கள். வெள்ளம் போனதால் சோறு போயிற்று, மேய்ச்சல் போனதால் பாலும் போயிற்று.

துர்கானா ஏரிக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு, நூற்றுக்கு எண்பதுக்கு மேல், ஓமோவிலிருந்துதான் வருகிறது. 2018-இல் யுனெஸ்கோ அந்த ஏரியின் பூங்காக்களை ஆபத்தில் இருக்கும் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. ஆனால் 2019-க்குப் பிறகு பெய்த பெருமழையில் ஏரி ஏறித்தான் இருக்கிறது, இறங்கவில்லை. இதைக் காட்டி, பார்த்தீர்களா, அணையால் ஒன்றும் ஆகவில்லை என்பவர்கள் உண்டு. ஏரி நிறைந்தால் காரோக்காரர் வயலுக்கு வண்டல் எப்படி வரும் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஆப்பிரிக்காவை விடுங்கள். எமரால்டு, அவலாஞ்சி, அப்பர் பவானி என்று எங்களைச் சுற்றி இத்தனை அணை இருக்கிறதே, அதைப் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை? (எமரால்டு வாசகர்)

பதில்: குட்டு வாங்கிக்கொண்டேன். பைக்காரா மின்நிலையம் 1932-இல் ஓட ஆரம்பித்தது, மாயாறு 1952-இல். நீங்கள் சொன்ன மூன்று அணையும் சேர்ந்த குந்தா திட்டம் கனடா உதவியோடு 1960 முதல். எல்லாமே மலைமேல் இருக்கிற பள்ளத்தை அடைத்துக் கட்டியவை. தோடர்களின் எருமைக்கு நல்ல புல்லும் தண்ணீரும் கிடைப்பது அந்தப் பள்ளத்தில்தானே? தண்ணீர் ஏறியதும் அது போயிற்று. மேட்டில் மிச்சமிருந்த புல்வெளியில் சீகை மரமும் கற்பூர மரமும் நட்டார்கள், பட்டை தோல் பதனிட, கட்டை கூழுக்கு. இன்னொரு பக்கம் உருளைக்கிழங்கும் தேயிலையும் ஏறி வந்தன. ஒரு மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், எருமை குறைந்துபோனதற்கு ஒரே காரணம் அணை என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு கடி கடித்தது.

பைக்காராவும் அவலாஞ்சி ஆறும் தோடர்களுக்குத் தெய்வம். கடப்பதற்கே முறை உண்டு, போர்த்தியிருக்கும் துணியிலிருந்து வலக்கையை வெளியே எடுத்துவிட்டுத்தான் கடக்க வேண்டும் என்று நூறு வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பைக்காராவில்தான் இன்று போட்டிங். நானும் டிக்கெட் எடுத்து வரிசையில் நின்றவன்தான், அன்றைக்கு இது ஒன்றும் எனக்குத் தெரியாது.

கீழே இறங்கி வாருங்கள். பைக்காராதான் மாயாறாக மாறி, தெப்பக்காடு தாண்டி, பள்ளத்தாக்கில் விழுந்து தெங்குமரஹாடா பக்கம் போகிறது. அங்கே 1948 வாக்கில் கூட்டுறவுச் சங்கம் வைத்துக் காட்டைத் திருத்தி விவசாயம் தொடங்கினார்கள். ஊருக்குப் போக மாயாற்றைப் பரிசலில் கடக்க வேண்டும். மேலே மின்நிலையத்தில் தண்ணீர் விட்டால் வானம் பளிச்சென்று இருக்கும்போதே ஆறு ஏறும். மேகத்தையும் காற்றையும் பார்த்து ஆற்றைக் கணித்த இருளர்களுக்கு எங்கோ ஒருவர் ஷிஃப்டில் திருகும் வால்வை எப்படிக் கணிக்கத் தெரியும்? அந்தத் தண்ணீர் பவானிசாகரில் சேர்கிறது. 1955-இல் முடிந்த அணை, கீழ்பவானி பாசனம் 2,07,000 ஏக்கர், நெல், மஞ்சள், கரும்பு. ஆக மேலே மின்சாரம், கீழே கரும்பு, நடுவில் ஆற்றோரத்தில் இருப்பவர். ஓமோவைப் பற்றி எழுதும்போது எனக்கு மாயாறு ஞாபகம் வந்தது அதனால்தான்.

கேள்வி: மின்சாரமும் வேண்டும், அணையும் தப்பு என்றால் எப்படி? நீங்கள் ஃபேன் போடாமல்தான் இருக்கிறீர்களா? (கோவை வாசகர்)

பதில்: ஊட்டியில் ஃபேன் எதற்கு என்று தப்பித்துவிடலாம். ஆனால் வீட்டில் கீசர் இருக்கிறதே. உங்கள் ஊர் மில்கள் பெருகியதே பைக்காரா மின்சாரத்தால்தான், அது பெரிய விஷயம், இல்லை என்று யார் சொன்னது? அணையை இடிக்கச் சொல்லவில்லை. கட்டும்போது போட்ட கணக்கைத்தான் கேட்கிறேன். பட்டா வைத்திருந்தவருக்கு நஷ்டஈடு என்று ஒரு வரி இருக்கும். அதே நிலத்தில் மேய்த்தவர், அந்த மடுவில் மீன் பிடித்தவர், கரையில் ஒரு போகம் போட்டவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்?

கேள்வி: எங்கள் பக்கம் சில்லஹல்லா நீரேற்று மின்திட்டம், 1,000 மெகாவாட் என்கிறார்கள். கூட்டம் போட்டால் என்ன கேட்க வேண்டும்? (குந்தா தாலுகா வாசகர்)

பதில்: எத்தனை ஏக்கர் போகும் என்பதை எல்லோரும் கேட்பார்கள், அதை விடுங்கள். மாசாமாசம் ஆற்றில் இப்போது எவ்வளவு ஓடுகிறது, கட்டிய பிறகு எவ்வளவு ஓடும், என்ன நேரத்தில் திறப்பீர்கள், திறக்கும் முன் கீழே யாருக்கு எப்படிச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், வாயால் சொன்ன பதிலை நம்பி வீட்டுக்கு வராதீர்கள்.

சட்டம் இரண்டு கையில் இருக்கட்டும். 2006 வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(டி): மீனும் நீர்நிலையில் கிடைக்கும் மற்றதும் மேய்ச்சலும் சமூக உரிமை. 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' யார் என்ற விளக்கத்தைப் பாருங்கள். நிலமே இல்லாவிட்டாலும் மூன்று வருஷமாகக் காட்டையோ நீர்நிலையையோ முக்கியப் பிழைப்பாக வைத்திருந்து, கையகப்படுத்துவதால் அது கெட்டுப்போனால் அவர்களும் வருவார்கள். காட்டில் பொருள் சேகரிப்பவர், மீனவர், படகோட்டி என்று பெயர் சொல்லியே போட்டிருக்கிறது. பரிசல்காரரும் அதில் அடக்கம் என்று கேட்க வழி இருக்கிறது. ஆனால் அவர் கூட்டத்துக்கு வந்து தன் பெயரைப் பதிவு செய்ய வேண்டுமே, அன்றைய கூலியை விட்டுவிட்டு. போக்குவரத்துச் செலவை ஊரே போட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: எங்கள் கொடைக்கானல் மேல்மலையில் அணை கிணை ஒன்றும் இல்லை, கேரட்டும் பூண்டும்தான். நாங்கள் தப்பித்தோமா? (மன்னவனூர் வாசகர்)

பதில்: உங்கள் மலை ஓடைகளைத்தானே அடிவாரத்தில் குதிரையாறு, பாலாறு பொருந்தலாறு, வரதமாநதி என்று தேக்கி வைத்திருக்கிறோம். அது இருக்கட்டும். கேரட்டுக்கு ஓடையில் மோட்டார் வைத்து ஹோஸ் இழுக்கிறீர்கள் இல்லையா, அந்த ஓடைக்குக் கீழே பளியர் பழங்குடியினரின் குடியிருப்பு இருந்தால் மார்ச் மாசம் அவர்கள் குடத்துக்கு என்ன வருகிறது என்று போய்ப் பார்த்ததுண்டா? ஒரு நாள் காலையில் ஓடையோரமாக நடந்து எத்தனை ஹோஸ் கிடக்கிறது என்று எண்ணி எழுதி அனுப்புங்கள். உங்களுடையதையும் சேர்த்து. அடுத்த இதழில் போடுகிறேன்.