கொரிய மொழியைக் கற்பதும் கொரியாவைப் படிப்பதும்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒருவர் கொரிய மொழியையும் பண்பாட்டையும் பட்டப்படிப்பாக எடுத்துப் படிக்கலாமா, அங்கே உண்மையில் என்ன சொல்லித்தருகிறார்கள், பிறகு வேலை கிடைக்குமா என்பது கேள்வி. தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கொரிய மொழியில் இளங்கலையும், பின்னர் உதவித்தொகை பெற்றுச் சியோலில் முதுகலையும் படித்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொழி மட்டும் போதும் என்பவருக்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. கொரியா என்ற நாடு ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆவல் உள்ளவருக்கு அதைவிட நல்ல வழி வேறில்லை.

இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்னையில் 2006 முதல் இயங்கிவரும் இந்திய-கொரியப் பண்பாட்டு மையமான இன்கோ சென்டரில் கொரிய வகுப்புகள் நடக்கின்றன. வேறொரு பட்டம் படித்துக்கொண்டே அங்கே மொழியைக் கற்றுவிட முடியும். கொரியாவுக்கே போய்க் கற்க விரும்புபவர்களுக்குப் பல்கலைக்கழகங்களோடு இணைந்த மொழி நிலையங்கள் இருக்கின்றன. யோன்செய் பல்கலைக்கழகத்தின் நிலையம் 1959இலிருந்து இதைச் செய்துவருகிறது. அத்தகைய நிலையங்களில் பொதுவாக ஒரு நிலைக்குப் பத்து வாரம், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், மொத்தம் 200 மணி நேரம் என்று வகுத்திருப்பார்கள். ஆறு நிலைகளையும் இடைவிடாமல் முடித்தால் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் ஒருவர் சரளமாகப் பேசவும் எழுதவும் கற்றுவிடுவார். நம் பல்கலைக்கழகங்களில் அந்த அளவு மொழித்திறன் வர மூன்றாண்டுக்கு மேலும் ஆகலாம், ஏனெனில் வாரத்துக்குக் கிடைக்கும் மொழி வகுப்புகள் அவ்வளவு இல்லை. மீதி நேரம் இலக்கியம், வரலாறு, சமூகம் என்று போய்விடும். அந்த மீதி நேரத்தைச் சுமையாக நினைப்பவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே சலித்துப்போவதை என் வகுப்பிலேயே கண்டேன்.

மொழியைப் பொறுத்தவரை தமிழ் மாணவருக்குத் தொடக்கம் இனிமையாகவே இருக்கும். மன்னர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்துமுறையின் அடிப்படை மெய்கள் 14, உயிர்கள் 10. மெய்யையும் உயிரையும் சேர்த்து அசையாகக் கட்டும் முறை உயிர்மெய் படித்த நமக்குப் புதிதன்று, ஒரு வாரத்தில் தடவித் தடவியாவது வாசிக்க வந்துவிடும். வினை வாக்கியத்தின் இறுதியில் வருகிறது, வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டுகின்றன, "நேற்று வந்த மாணவன்" என்று நாம் பெயரெச்சத்தை முன்னால் வைப்பதைப் போலவே அவர்களும் வைக்கிறார்கள். துணைவினைகளிலும் இந்த ஒற்றுமை தொடர்கிறது; "சாப்பிட்டுப் பார்", "செய்து கொடு" என்பவற்றைச் சொல்லுக்குச் சொல் மாற்றினாலே சரியான கொரிய வாக்கியம் கிடைக்கிறது. இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட வகுப்புத் தோழர்கள் இத்தகைய பெயரெச்சத் தொடர்களைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் நினைத்தபடியே சொல்லிக்கொண்டு போக முடிந்தது.

ஒலிப்பில்கூட நமக்குச் சில வசதிகள் உண்டு. தமிழில் ககரம் சொல்லின் முதலில் ஒருவிதமாகவும் உயிர்களுக்கிடையே மென்மையாகவும் ஒலிப்பதைப் போலவே கொரியத்தின் இயல்பான க, ட, ப, ஜ எழுத்துகளும் இடத்துக்கேற்ப ஒலி மாறுகின்றன. புணர்ச்சியும் இருக்கிறது. நாம் கல்லையும் மலையையும் சேர்த்துக் கன்மலை என்று எழுத்திலேயே மாற்றிவிடுகிறோம். அவர்களோ ஹன்குக் (கொரியா), மல் (மொழி) என்ற இரண்டையும் மாற்றாமல் எழுதிவிட்டு ஹன்குங்மல் என்று வாசிக்கிறார்கள். தொல்காப்பியமோ நன்னூலோ கொஞ்சம் படித்திருப்பவருக்கு இந்தப் பாடம் பழகிய வீட்டுக்குள் நுழைவதைப் போல இருக்கும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கொரியத்தில் ககரத்துக்கே இயல்பானது, மூச்சுக் கலந்தது, இறுக்கமானது என்று மூன்று வகை உண்டு. இந்த மூன்றும் சொல்லின் முதலில் வரும்போது பிரித்துக் கேட்கத் தமிழ்க் காதுக்கு நெடுநாள் பிடிக்கிறது. மூச்சொலிகளை இந்திக்காரர்கள் எளிதில் பிடித்துவிடுவார்கள், இறுக்கமான வகையில் அவர்களும் நம்மோடு சேர்ந்து தடுமாறுவார்கள்.

கொரியத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துவிட்டுக் கொரியம் படிக்க வருபவர்களை ஏளனமாகப் பேசும் வழக்கம் எங்கள் துறையிலும் இருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கேட்டல் பயிற்சியில் அவர்கள்தாம் எப்போதும் முன்னால் நின்றார்கள். ஆனால் தொடர்களில் நண்பர்களும் காதலர்களும் பேசிக்கொள்ளும் மொழி நெருக்கமானவர்களுக்குள் மட்டும் செல்லுபடியாவது. அதை அப்படியே பேராசிரியரிடம் பேசினால் வகுப்பே திகைக்கும். நாம் நீ, நீங்கள் என்று இரண்டாகப் பிரிப்பதை அவர்கள் வினைமுற்றின் ஈற்றிலேயே பல படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். கேட்பவருக்குக் காட்டும் மரியாதை தனி, பேசப்படுபவருக்குக் காட்டும் மரியாதை தனி. இதை விதியாக மனப்பாடம் செய்வது எளிது. எதிரில் இருப்பவரின் வயது, பதவி, எத்தனை நாள் பழக்கம் என்பவற்றை ஒரு நொடியில் கணக்கிட்டு வாயைத் திறப்பதுதான் கடினம். கொரியர்கள் அறிமுகமான சற்று நேரத்திலேயே வயதைக் கேட்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாம் ஆண்டில் சொற்களஞ்சியம் என்ற மலை வருகிறது. கொரியச் சொற்களில் பாதிக்கு மேல் சீன எழுத்துகளின் வழியாக வந்தவை. அன்றாடப் பேச்சில் அவை குறைவாகவும், செய்தித்தாள், சட்டம், ஆய்வுக் கட்டுரை ஆகியவற்றில் மிகுதியாகவும் இருக்கும். இந்த இடத்தில் ஹன்ஜா எனப்படும் சீன எழுத்துகளைச் சில நூறாவது கற்றவர் வேகமாக முன்னேறுகிறார், தேவையில்லை என்று விட்டவர் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக மனப்பாடம் செய்து களைத்துப்போகிறார். பாடத்திட்டத்தில் விருப்பப்பாடமாக இருந்தாலும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பட்டப்படிப்பின் உண்மையான பயன் வரலாற்று வகுப்புகளில்தான் எனக்குக் கிடைத்தது. ஹங்குல் வெளிவரும் முன்பே, 1444இல், ச்வே மல்லி என்ற அரசவை அறிஞர் அதை எதிர்த்து மன்னருக்கு விண்ணப்பம் எழுதினார் என்பதையும், அரசு ஆவணங்களில் ஹங்குல் முறையாக இடம்பெற 1894ஆம் ஆண்டின் சீர்திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் படித்தபோதுதான், இன்று அக்டோபர் 9ஆம் தேதி ஓர் எழுத்துமுறைக்காகத் தென்கொரியா முழுவதும் விடுமுறை விடுவதன் பொருள் விளங்கியது. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அதன் இறுதி ஆண்டுகளில் கொரிய மொழி பள்ளிகளிலிருந்து அகற்றப்பட்டது. பேரகராதி ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருந்த கொரிய மொழிச் சங்கத்தின் அறிஞர்கள் 1942இல் கைதுசெய்யப்பட்டார்கள், அவர்களில் இருவர் சிறையிலேயே இறந்தார்கள். பறிமுதலான கையெழுத்துப் படிகள் தொலைந்தே போயின என்று எண்ணியிருந்த நிலையில், விடுதலைக்குப் பின் 1945 செப்டம்பரில் சியோல் ரயில் நிலையத்தின் சரக்குக் கிடங்கில் அவை கிடைத்தன. 1947இல் முதல் தொகுதியும் 1957இல் ஆறாவது தொகுதியும் வெளிவந்தன; இடையில் மூன்றாண்டுப் போர் ஒன்றும் நடந்து முடிந்தது. இந்த வரலாறு தெரியாமலும் ஒருவர் நன்றாகக் கொரியம் பேசலாம். ஆனால் பிறமொழிச் சொற்களைப் பற்றி ஒரு கொரிய முதியவர் ஏன் அவ்வளவு கடுமையாகப் பேசுகிறார், ஜப்பான் என்றதும் வகுப்பறையின் தொனி ஏன் மாறுகிறது என்பது அவருக்குப் புரியாது.

அண்மைக் காலமும் இப்படித்தான். 1950 முதல் 1953 வரை நடந்த போர், 1980இல் குவாங்ஜு நகரில் ராணுவம் மக்களைச் சுட்டது, 1987இல் தெருப் போராட்டங்களின் பயனாக அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை மீண்டது, 1997இல் வந்த நிதி நெருக்கடி ஆகிய நான்கையும் ஒழுங்காகப் படித்தவருக்கு இன்றைய கொரியத் திரைப்படங்களும் நாவல்களும் வேறு ஆழத்தில் தெரியும்.

தமிழர்கள் இத்துறைக்கு வரும்போது ஓர் ஆசையையும் சுமந்து வருகிறார்கள். அதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அம்மா, அப்பா என்ற சொற்கள் தமிழிலும் கொரியத்திலும் ஒன்றுபோல் ஒலிப்பதைக் காட்டி இரண்டு மொழிகளும் ஒரே குடும்பம் என்று நிறுவ முயலும் காணொளிகள் ஏராளம். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார் என்பது உண்மை. ஆயினும் இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. நான் மேலே சொன்ன இலக்கண ஒற்றுமைகளில் பெரும்பாலானவை ஜப்பானியத்திலும் துருக்கியத்திலும் மங்கோலியத்திலும் உண்டு, அதனால் அவை உறவுக்குச் சான்றாகா. பண்டைய கொரியாவின் கயா நாட்டு மன்னர் சுரோவை மணக்கக் கி.பி. 48இல் கடல் கடந்து வந்ததாகச் சொல்லப்படும் இளவரசி ஹோ ஹ்வாங்-ஓக் கதையும் அப்படியே. அவர் ஆயுத்தா என்ற நாட்டிலிருந்து வந்தார் என்று கூறும் சம்குக் யூசா என்ற கொரிய நூல் 13ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டது. சிலர் அதை அயோத்தி என்கிறார்கள், நம்மவர் சிலர் பண்டைத் தமிழகத்தின் ஆய் நாடு என்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியில் எழுதப்பட்ட ஒரு தொன்மத்தை வைத்து ஊரை நிர்ணயிப்பது ஆராய்ச்சியாகாது. ஐயமில்லாத தொடர்பு வேண்டுமென்பவர் கொரியப் போரைப் பார்க்கலாம். இந்தியா அனுப்பிய 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். 1951 மார்ச்சில் முன்சான் அருகே அமெரிக்க வான்குடைப் படையோடு அவருடைய மருத்துவர்களும் குதித்தார்கள். முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் தமிழ் மாணவருக்கு இளவரசியைவிட இந்த மருத்துவப் பிரிவையே நான் பரிந்துரைப்பேன்.

கொரியாவில் மேற்படிப்புக்கு வழி, ஜி.கே.எஸ். எனப்படும் அந்நாட்டு அரசின் உதவித்தொகை. விமானக் கட்டணம், கல்விக் கட்டணம், மாத உதவி ஆகியவற்றோடு ஓராண்டு மொழிப் பயிற்சியும் அதில் அடங்கும். அந்த ஆண்டின் முடிவில் ஆறு நிலைகள் கொண்ட டோபிக் என்ற கொரிய மொழித்திறன் தேர்வில் மூன்றாம் நிலையை எட்டினால்தான் பட்டப்படிப்பில் சேர விடுவார்கள், ஐந்தாம் நிலையை முன்பே எட்டியவருக்கு மொழி ஆண்டு இல்லை. 300 மதிப்பெண்ணில் 120 எடுத்தால் மூன்றாம் நிலை, 190 எடுத்தால் ஐந்தாம் நிலை. மூன்றாம் நிலையோடு முதுகலை வகுப்பில் உட்காருவது பெரும் துன்பம் என்பதை அங்கு வந்த வேறு நாட்டு மாணவர்களைப் பார்த்துச் சொல்கிறேன். பேராசிரியர் சொல்வதில் பாதிதான் அவர்களுக்குப் பிடிபட்டது. அங்கே மதிப்பெண்ணும் பெரும்பாலும் ஒப்பீட்டு முறையில் வழங்கப்படுகிறது, வகுப்பில் இத்தனை பேருக்குத்தான் முதல் தரம் என்று வரம்பு உண்டு. ஆகவே கூட்டுப்பணிக் குழுக்களில் மொழி தடுமாறும் வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ளக் கொரிய மாணவர்கள் தயங்குகிறார்கள். ஆண் மாணவர்கள் நடுவில் ஏறத்தாழ பதினெட்டு மாதம் கட்டாய ராணுவ சேவைக்குப் போய்த் திரும்புவதால் ஒரே வகுப்பில் வயது வேறுபாடு இருக்கும். அண்ணன், மூத்தவர் என்ற முறைவைப்பு வகுப்பறைக்குள்ளும் தொடரும்.

இனி வேலை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது முதல் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் அதற்கு உதிரிபாகம் தரும் கொரிய நிறுவனங்கள் நிறைய வந்துவிட்டன. சாம்சங்கும் அங்கே இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆலைத் தளத்தில் பேசப்படும் மொழி பல்கலைக்கழகம் தந்த மொழியன்று. அச்சு, அழுத்தம், தரக் குறைபாடு என்று கொட்டும் சொற்களில் பல ஜப்பானிய ஆட்சிக் காலத்திலிருந்து தங்கிப்போனவை, பாடநூலில் கிடைக்காதவை. முதல் சில மாதங்களில் இலக்கியப் பட்டதாரி ஊமையாகிவிடுவார், பிறகு பழகிவிடும். மொழிபெயர்ப்பாளராகவே நின்றுவிட்டால் சம்பளமும் பதவியும் ஒரு கட்டத்தில் தேங்கிவிடுவதைப் பலரிடம் காண்கிறேன். கணக்கியலோ கொள்முதலோ மனிதவளமோ தெரிந்து கொரியமும் தெரிந்தவர் அவர்களைத் தாண்டிச் செல்கிறார். கல்வித்துறை, அகராதிப் பணி, இலக்கிய மொழிபெயர்ப்பு ஆகியவற்றை நாடுபவருக்கு மட்டும் தூய கொரியப் பட்டம் முழுப் பயன் தரும். அங்கே இடங்கள் குறைவு, போட்டியாளர்களும் குறைவு.

இளங்கலையில் சேர மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான சி.யு.இ.டி. நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். நேரு பல்கலைக்கழகத்தைத் தவிர ராஞ்சியில் உள்ள ஜார்க்கண்ட் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் கொரியம் கற்பிக்கிறார்கள். கொரியம் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை, எழுத்திலிருந்துதான் தொடங்குவார்கள். டோபிக் சான்றிதழ் இரண்டாண்டுக்கு மட்டுமே செல்லும் என்பதால் முதலாம் ஆண்டிலேயே எழுதிப் பணத்தை வீணாக்காமல், உதவித்தொகைக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கப் போகும் இறுதியாண்டில் எழுதும்படி திட்டமிடுங்கள். மூன்றாம் நிலை முதல் ஆறாம் நிலை வரைக்கான டோபிக் இரண்டு என்ற தேர்வில் 600 முதல் 700 எழுத்துகளுக்குள் ஒரு கட்டுரை கேட்பார்கள். கட்டம் போட்ட தாளில் அதை எழுதிப் பழகாதவர்கள் நேரம் போதாமல் பாதியில் நிறுத்துகிறார்கள்.